‘நிகரானது’ என்ற ஒரு சொல்லுக்கு 165,000 ரூபா

என் மனிதவள டிப்ளோமாச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டியவர் அம்மா. சில மாதம் கழித்து அதைக் கழற்றித் துணிப்பெட்டிக்கு அடியில் தள்ளியவள் நான். தங்க நிற முத்திரை, சிவப்பு நாடா, மூன்று கையெழுத்துகள் என்று பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் காட்டி வேலை வாங்க முடியாது, அவ்வளவுதான். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் இப்போதும் நான் நம்பிச் சேர்ந்த அதே மாதிரித் துண்டுப்பிரசுரங்கள் பஸ்ஸுக்குள் வந்து மடியில் விழுகின்றன. ஆகவே நடந்ததை எழுதி வைக்கிறேன். சான்றிதழைத் தந்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை பெயரை மாற்றிவிட்டார்கள்; பெயரைப் பார்த்து ஒதுங்குகிறவர் அடுத்த பெயரில் அகப்பட்டுக்கொள்வார்.

உயர்தரத்தில் கலைப் பிரிவில் மூன்று பாடங்களும் சித்தி. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கைகொடுக்கவில்லை. ஹட்டன் நகரத்தில் ஒரு புடவைக் கடையில் காசாளராகச் சேர்ந்தேன், நான்கு வருடம் ஓடிவிட்டது. பெயர்தான் காசாளர், ஊழியர் வரவுப் பதிவு, லீவுக் கணக்கு, மாதாமாதம் ஈ.பி.எஃப். எனும் ஊழியர் சேமலாப நிதிப் படிவம் நிரப்புவது எல்லாம் என் தலையில். சம்பளம் 28,000 ரூபா. முதலாளி நல்ல மனிதர். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் இருந்த என் நாற்காலிக்கு மேலே அந்தக் கடையில் முதலாளியின் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. ஏதாவது ஒரு கம்பனியில், மனிதவளப் பிரிவில், கழுத்தில் அட்டை தொங்க உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் தவறு இருந்ததாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

பிரசுரத்தில் இருந்தது இவ்வளவுதான்: ‘மனிதவள முகாமைத்துவ டிப்ளோமா. என்.வி.கியூ. 5க்கு நிகரானது. அரசாங்கப் பதிவு பெற்ற நிறுவனம். முடித்தவுடன் வேலை 100% உறுதி. அனுமதி இந்த ஞாயிறுடன் முடிவு.’ என்.வி.கியூ. என்றால் தேசிய தொழில் தகைமை. பக்கத்தில் மடிக்கணினியை அணைத்தபடி சிரிக்கும் ஒரு பெண்ணின் படம்.

மருந்துக் கடை ஒன்றின் மாடியில் அலுவலகம். கழுத்துப்பட்டி கட்டிய ‘சேர்’ ஒருவர் என் வேலையை விசாரித்துவிட்டு, “தங்கச்சி, இன்னும் எத்தனை வருடம் மற்றவர் காசையே எண்ணிக்கொண்டிருக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டார். எங்கே குத்தினால் எனக்கு வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் ஏமாளி இல்லை என்று காட்டிக்கொள்ள ஒரு கேள்வி கேட்டேன்: “இது அரசாங்கத்தில் பதிந்த இடமா சேர்?” அவர் கோபப்படவில்லை. சுவரில் தொங்கிய பதிவுச் சான்றிதழைக் கழற்றி என் கையிலேயே தந்தார். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு கொடுத்தது. போலி என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பிறகு விசாரித்தபோதும் அது உண்மையான சான்றிதழ் என்றே தெரிந்தது. பிழை என் கேள்வியில் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கட்டணம் 165,000 ரூபா. பதிவுக்கு 15,000, பிறகு 50,000 வீதம் மூன்று தவணை. அம்மா அந்த வருடம்தான் தோட்டத்து வேலையிலிருந்து நின்றிருந்தார். பதினெட்டு வயதில் பெயர் பதிந்து 55 வயது வரை கொழுந்து பறித்தவருடைய ஈ.பி.எஃப். காசு வங்கிக்கு வந்திருந்த நேரம். கூரைத் தகரம் மாற்றத்தான் அந்தக் காசு என்று வீட்டில் பேச்சு. அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா. 2021இல் வந்த அந்தத் தொகை 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது. ஆகவே என் டிப்ளோமா 165 முழுப்பேர், அதாவது 165 நாளின் முழுச் சம்பளம். மழையிலும் அட்டைக்கடியிலும் அரைப்பேராகப் போன நாட்களையும் சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும். “படிப்புக்குத்தானே, எடு” என்றார் அம்மா. கூரை இன்றைக்கும் ஒழுகுகிறது.

பணம் கட்டிய அன்று நான்கு பக்க ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். பேச்சு தமிழ், பிரசுரம் தமிழ், ஒப்பந்தம் மட்டும் ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று அவசரப்படுத்தினார்கள், கையெழுத்திட்டேன். பிரதி கேட்டதற்குத் தலைமை அலுவலகத்திலிருந்து தபாலில் வரும் என்றார்கள். தபால்காரர் வந்தார், மின்கட்டணம் வந்தது, பிரதி வரவில்லை.

வகுப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். விரிவுரையாளர் மூன்று முறை மாறினார். குறிப்புகள் எழுத்து மங்கிய போட்டோ கொப்பிகள். ஆங்கிலம் சொல்லித் தந்த ஆசிரியை மட்டும் உண்மையாக உழைத்தார். அவருக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி வாடகை தனியாக வாங்கினார்கள். அதன் பிறகு, சொன்னபடியே ‘வேலை’ வந்தது. கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் ஒரு விற்பனை நிறுவனத்தில் ‘மனிதவளப் பயிலுநர்’. புடவைக் கடையில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு அதிகாலை பஸ்ஸில் கிளம்பினேன். மாடியில் ஒரு நீளமான அறை, பதினான்கு பெண்கள். பசறை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, புசல்லாவை என்று எல்லோரும் நம் பக்கத்துப் பிள்ளைகள்தான். நியமனக் கடிதம் கேட்டேன். மூன்று மாதம் போகட்டும் என்றார்கள். ஈ.பி.எஃப். பற்றிக் கேட்டபோது சிரித்தார்கள். கடை, அலுவலக ஊழியருக்கு வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 1954ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஈ.பி.எஃப். நம் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பக்கம் 12 வீதம், அதற்கு மேல் ஈ.டி.எஃப். எனும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், பயிற்சிக்காலம் என்று சொல்லித் தப்ப முடியாது. நான்கு வருடம் அந்தப் படிவத்தை நிரப்பியவளுக்கு இது தெரியாதா? தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரில் எல்லோரிடமும் கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லியாகிவிட்டதே.

வேலை என்ன என்றால், மேசையில் ஒரு தொலைபேசி, பக்கத்தில் ஒரு பெயர்ப்பட்டியல். பெயர், தோட்டம், உயர்தரப் பெறுபேறு, பெற்றோர் தொழில், தொலைபேசி இலக்கம். இந்த வரிசையை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தபோதுதான் தட்டியது: ஹட்டனில் நாங்கள் நிரப்பிய அனுமதிப் படிவத்தின் வரிசை அது. விசாரிக்க வந்து சேராமல் போனவர்களின் பெயர்கள்தான் பட்டியலில் இருந்தன. அவர்களை அழைத்து, வேலை இருக்கிறது, நேர்முகத்துக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் எனக்கு 500 ரூபா. அடிப்படைச் சம்பளம் கிடையாது. வந்தவர்களிடம் பயிற்சிக் கட்டணமாக 12,000 ரூபா வாங்கிக்கொண்டு, நீர் வடிகட்டியைக் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள்.

இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் விட்டுவிட்டு எழுதினால் இந்தப் பதிவு பாதிப் பொய்யாகிவிடும். ஒரு வாரம் நான் அந்த வேலையைச் செய்தேன். “தங்கச்சி, பயப்பட வேண்டாம், வேலை உறுதி” என்று அந்த சேரின் குரலிலேயே பேசினேன். நான்கு பேர் வந்தார்கள். ஒருத்தி தாயின் தோட்டை அடகு வைத்து 12,000 கொண்டுவந்திருந்தாள். இரவு விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்தாள், “அக்கா, அடிப்படைச் சம்பளம் எப்போது தருவார்கள்?” என்று கேட்டாள். பதினோராம் நாள் நான் ரயிலேறிவிட்டேன். அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கூட்டி வரவில்லை. பிறகு தேடிப் பேசி மன்னிப்புக் கேட்டேன். பாதிப் பணத்தையாவது கொடுக்கிறேன் என்றேன், வாங்கிக்கொள்ளவில்லை.

உண்மை விளங்கியது நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் நேர்முகப் பரீட்சையில். அங்கே இருந்த மனிதவள அதிகாரி ஒரு சிங்கள அம்மையார். என் சான்றிதழை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, பாதித் தமிழில் மெதுவாகக் கேட்டார்: “மகள், இதில் என்.வி.கியூ. எங்கே?” ‘நிகரானது’ என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து, பெயரைக் கையால் மறைத்தபடி வேறொரு ஊழியரின் உண்மையான என்.வி.கியூ. சான்றிதழைக் காட்டினார். அதை வழங்கியது படிப்பித்த நிறுவனம் இல்லை என்பது பார்த்த உடனேயே தெரிந்தது.

நிறுவனத்தைப் பதிவு செய்வது வேறு, அங்கே நடக்கும் பாடநெறிக்கு அங்கீகாரம் கொடுப்பது வேறு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் ஆணைக்குழுவில் பதிய வேண்டும். ஆகவே சுவரில் தொங்கும் பதிவு, கடைக்குப் பலகை போல. பதிந்த நிறுவனம் பத்துப் பாடநெறி நடத்தி, அதில் ஒன்றுக்கு மட்டும் அங்கீகாரம் வைத்திருக்கலாம். என்னை ஏமாற்றிய இடத்தில் அழகுக்கலைக்கு அங்கீகாரம் இருந்தது, என் டிப்ளோமாவுக்கு இல்லை. என்.வி.கியூ. ஏழு படி: முதல் நான்கும் சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். எந்தப் படியானாலும், அந்தத் தொழிலுக்கென்று வகுத்த தேர்ச்சித் தரத்தின்படி மதிப்பீடு செய்துதான் கொடுப்பார்கள். ‘நிகரானது’ என்று ஒரு படி அதில் கிடையாது. ‘இந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, எந்தத் திகதி வரை, எத்தனையாம் படிக்கு?’ என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நிறுவனத்தையும் பாடநெறியையும் தேடிப் பார்க்கலாம். அலுவலகம் நாரஹேன்பிட்ட எல்விட்டிகல மாவத்தையில். காசு கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும்.

என்னோடு படித்த ஒருத்திக்கு இதே ஆட்கள் மாலைதீவில் வேலை இருக்கிறது, சுற்றுலா விசாவில் போய்ச் சேருங்கள் என்று ஆசை காட்டினார்கள். அவள் நல்ல வேளையாக வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்று கேட்டாள். இல்லை. அத்தோடு விட்டாள்.

பணத்துக்கு வருகிறேன். பொலிஸில் முறைப்பாடு எழுதினார்கள், பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னார்கள். சலிப்போடுதான் போனேன், ஆனால் அது உருப்படியான இடம். வார இறுதியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் கூடுகிறது. இரு தரப்பும் ஒவ்வொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அவர்கள் இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்கிறார்கள். சட்டத்தரணி உள்ளே வர முடியாது, ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே வாய் திறக்க இடம் இருக்கிறது. முதல் அமர்வுக்கு சேர் வரவில்லை. இரண்டாம் முறை வந்தார், அந்த ஆங்கில ஒப்பந்தத்தோடு. அன்றைக்குத்தான் அதை முழுதாக வாசித்தேன். ‘வேலை உறுதி’ அங்கே ‘வேலை தேடுவதில் உதவி’யாக மாறியிருந்தது, கட்டிய பணம் எக்காரணத்துக்கும் திரும்பாது என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

என்னைக் காப்பாற்றியது அந்தத் துண்டுப்பிரசுரம். அம்மா தன் ஈ.பி.எஃப். காகிதங்களை அதில்தான் சுற்றி வைத்திருந்தார். மத்தியஸ்தரான ஓய்வுபெற்ற அதிபர் அதையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இந்த 100 வீதம் எங்கே போனது தம்பி?” என்று கேட்டார். எட்டு மாத வகுப்பு நடந்தது உண்மைதானே என்று அவர்கள் வாதாட, கடைசியில் 70,000 ரூபா, இரண்டு தவணை என்று முடிந்தது. பற்றுச்சீட்டு, பிரசுரம், தொலைபேசியில் வந்த குறுஞ்செய்தி எதையும் வீசிவிடாதீர்கள். முழுத்தொகைக்கு நீதிமன்றம் போகலாம் என்றார்கள். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது மீண்டும் ஹட்டனில்தான், வேறொரு கடையின் அலுவலகத்தில் இருக்கிறேன். படிக்காமலே செய்து பழகிய வேலைக்கும் மதிப்பீடு செய்து என்.வி.கியூ. கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்கிறார்கள். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை அதைச் செய்கிறது. புடவைக் கடையில் நான்கு வருடம் வரவுப் பதிவு எழுதிய கொப்பிகளின் படங்களைப் பழைய முதலாளியிடம் கேட்டு வாங்கி, அந்த முறை என் வேலைக்குப் பொருந்துமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் தலவாக்கலை போகும் வழியில் பஸ் ஜன்னலால் புதிய பலகை ஒன்றைப் பார்த்தேன். பெயர் வேறு, நிறம் வேறு. மடிக்கணினியை அணைத்துச் சிரிக்கும் பெண் மட்டும் அதே பெண். ‘அனுமதி இந்த ஞாயிறுடன் முடிவு’ என்று கீழே எழுதியிருந்தது. நேற்றும் அந்த வழியால் போனேன். இன்னும் ‘இந்த ஞாயிறு’தான்.