பழைய செயின்சாவில் 20 அங்குல பாரைக் கழற்றிவிட்டு 16 போட்டேன்: மூன்று வருட அனுபவம்

நான் வாங்கும்போதே நிறைய உழைத்திருந்த மெஷின் அது. 50 சிசி இன்ஜின், அதில் 20 அங்குல பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு. நீளமான பாரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான், பெருத்த மரத்தையும் ஒரே பக்கமிருந்து அறுத்துவிடலாமே என்று. சின்னக் கிளைகளில் ஒரு குறையும் தெரியவில்லை. காய்ந்த கெட்டி மரத்தில் இறக்கியபோதுதான் தெரிந்தது. பார் பாதி உள்ளே போனதுமே சத்தம் இறங்கிவிடும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இன்ஜின் உறுமிக்கொண்டிருக்க செயின் மட்டும் அப்படியே நின்றுவிடும். கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். மூடியைக் கழற்றிப் பார்த்தால் கிளட்ச் டிரம் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது.

முதலில் கார்பரேட்டரைச் சந்தேகப்பட்டேன், சுத்தம் செய்தேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன். செயினை 4.8 மில்லிமீட்டர் அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டினேன். கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான். அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் தரும் அழுத்தம், பார்த்தேன்: 120 பிஎஸ்ஐ. நல்ல நிலையில் உள்ள இன்ஜின் 150-க்குப் பக்கத்தில் காட்டும். 50 சிசிக்கு 20 அங்குலம் என்பது புது மெஷினிலேயே கடைசி எல்லை, தேய்ந்த இன்ஜினுக்கு அது எப்படிக் கட்டுப்படியாகும்?

அதனால் 16 அங்குல பார் வாங்கினேன். பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு) அதே .325 அங்குலம்தான், ஆனால் செயினில் 80 டிரைவ் லிங்க் (பாரின் விளிம்புப் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி) இருந்த இடத்தில் இப்போது 66. இன்ஜின் சும்மா இழுத்துச் சுற்ற வேண்டிய எடையும் உராய்வும் அந்த அளவுக்குக் குறைகிறது. அதைவிட முக்கியம், பார் முழுக்க மரத்துக்குள் புதைந்தாலும் ஒரே நேரத்தில் கடிக்கும் பற்கள் குறைவு. மெலிந்த கட்டையை அறுக்கும்போது பெரிய வித்தியாசம் இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். பருத்த மரத்தில்தான் மெஷினே வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பு மாவு மாதிரி தூள் கொட்டும், இப்போது அதே மாதிரி நானே தீட்டிய செயினில் செதில் செதிலாக விழுகிறது. மூன்று வருடத்தில் கிளட்சைத் தொடவே இல்லை.

எண்ணெய் விஷயமும் இருக்கிறது. செயினுக்கு எண்ணெய் விடும் பழைய பம்ப் 20 அங்குலத்தின் நுனிவரை போதுமான எண்ணெய் தள்ளவில்லை, நுனிப் பக்கம் தொட முடியாத அளவு சுடும். பாரின் நுனியை ஒரு வெளிறிய மரத்துண்டுக்கு நேராகப் பிடித்து, மரத்தில் படாமல், ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். சில நொடிகளில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். எனக்கு 20-இல் விழவே இல்லை, 16-இல் தெளிவாக விழுந்தது.

பார் வாங்கும்போது நான் செய்த ஒரு தவறு: நீளத்தையும் பிட்சையும் பார்த்தேன், பள்ளத்தின் அகலத்தைப் பார்க்கவில்லை. பார் 1.5 மில்லிமீட்டர், என்னிடம் இருந்த செயின் 1.3. மாட்டினால் மாட்டும், ஓடவும் ஓடும், ஆனால் செயின் பள்ளத்துக்குள் சாய்ந்து வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகும். ஒரு நாள் முழுக்க இதில் வீணானது. பிட்ச், பள்ளத்தின் அகலம், டிரைவ் லிங்க் எண்ணிக்கை, பாரின் அடிப்பக்கத் துளைகள் உங்கள் மெஷினுக்குப் பொருந்துகிறதா என்பது, இந்த நான்கையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

குறை இல்லாமல் இல்லை. தரையில் கிடக்கும் மரத்தில் கிளை கழிக்கும்போது கூடுதலாகக் குனிய வேண்டியிருக்கிறது, நாள் முழுக்கச் செய்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். 16 அங்குலத்துக்கு மேல் பருமன் வந்தால் இரண்டு பக்கமிருந்தும் அறுக்க வேண்டும். இரண்டு வெட்டும் நேராகச் சந்திக்க எனக்குச் சில வாரம் பிடித்தது, இப்போது இரண்டடிக் கட்டையையும் அப்படித்தான் அறுக்கிறேன்.

பழைய 20 அங்குல பாரை எண்ணெய் தடவி எடுத்து வைத்திருக்கிறேன். பிஸ்டன் ரிங் மாற்றி, கம்ப்ரஷன் ஏறினால் 18 அங்குலம் போட்டுப் பார்க்க ஆசை. 20-ஐ இந்த மெஷினில் இனி மாட்டமாட்டேன்.