தை மாதத்து அருவி நடை: அழகர்மலையா, குட்லாடம்பட்டியா, கொல்லிமலையா?

காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு மலை என்றால் பிரான்மலைதான். பாரி ஆண்ட பறம்பு. ஏறி இறங்க அருமையான மலை, ஆனால் அருவி கிடையாது. மரநிழலில் நடந்துபோய் அருவியைப் பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும் என்றால் நமக்கு மூன்று இடங்கள் தோதுப்படும். அழகர்மலை, சிறுமலை அடிவாரத்துக் குட்லாடம்பட்டி, கொல்லிமலை ஆகாய கங்கை. போன தையில் இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, கடைசியில் கொல்லிமலைக்குப் போனோம். இந்த வருஷமும் அங்கேதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

அழகர்மலை எல்லாவற்றிலும் பக்கம். திருப்பத்தூர், மேலூர் வழியாக இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை, அதற்கு மேலே நூபுர கங்கை வரை காட்டுக்குள்ளேயே பாதை. ஏற முடியாதவர்களுக்கு வண்டி வசதியும் உண்டு. அப்பத்தாவையும் அழைத்துப் போவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். திரும்பும்போது கோயில் தோசைப் பிரசாதமும் கிடைக்கும். ஆனால் நூபுர கங்கை சுனைத் தீர்த்தம். அருவியைத் தேடிப் போகிறவர்களுக்கு அது போதாது.

குட்லாடம்பட்டிக்கு மதுரையைத் தாண்டி வாடிப்பட்டி வழியாகப் போக வேண்டும். தாடகை நாச்சி அருவி என்றும் சொல்வார்கள். பாறைச் சரிவில் தண்ணீர் வழிந்து இறங்கும்போது அழகுதான். நடை ரொம்பக் குறைவு. நான் அங்கே கார்த்திகையில் மட்டும்தான் போயிருக்கிறேன். தையில் எப்படி இருக்கும் என்பதை அந்தப் பக்கத்து ஆட்கள் சொன்னதை வைத்தே சொல்கிறேன். மழை ஓய்ந்த பிறகு தண்ணீர் சீக்கிரம் மெலிந்துவிடும் என்றார்கள்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான். நமக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் கொட்டும். அப்போது போனால் தண்ணீர் உண்டு, ஆனால் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், படியும் பாறையும் வழுக்கும். நடப்பதற்கு ஏற்ற குளிரும் வெயிலும் சேர்ந்து வருவது மார்கழிக் கடைசியிலும் தையிலும்தான். அதற்குள் மழை விடைபெற்றிருக்கும். ஆகவே மழை நின்ற பிறகும் எந்த அருவி ஓடும் என்பதுதான் கேள்வி. நம் ஊரணி பங்குனி வரை நிறைந்து கிடக்கிறதே என்று மலையை எடை போடக்கூடாது. செங்குத்தான சரிவில் விழும் மழை நிற்காமல் ஓடிவிடும். கொல்லிமலையின் அமைப்பு வேறு. மேலே ஏறிவிட்டால் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் ஊர்களும் வயல்களும், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடிகளுமாகப் பரந்த நிலம். அந்த மலைமேடு முழுக்க ஓர் ஊரணி மாதிரி மழையை வாங்கி வைத்துக்கொண்டு, ஓடை ஓடையாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதெல்லாம் சேர்ந்த அய்யாறுதான் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் சுமார் 300 அடி கீழே ஆகாய கங்கையாக விழுகிறது. போதாததற்குத் தென்மேற்குப் பருவத்திலும் அங்கே மழை உண்டு. பொங்கல் முடிந்து நாங்கள் போனபோதும் அருவி நிறைவாகவே விழுந்தது. கிட்டே போவதற்கு முன்பே சாரலில் சட்டை நனைந்துவிட்டது.

கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், இரு பக்கமும் காடு. இங்கே முதலில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். இறங்கும்போது தொடை நடுங்கும், ஏறும்போது மூச்சு வாங்கும். மூட்டுவலிக்காரர்கள் கோயிலோடு நின்றுகொள்வது நல்லது. பையில் தேன்குழல், சீப்புச் சீடை இருந்தால் மூடியே வையுங்கள், படி நெடுக குரங்குகள். மேலே வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடியுங்கள். மிளகுக் காரத்தோடு சூடாக இறங்கும்போது அந்தக் குளிருக்கு இதமாக இருக்கும்.

தூரம்தான் பெரிய குறை. புதுக்கோட்டை, திருச்சி, நாமக்கல் என்று ஒரு வழிக்கே 200 கிலோமீட்டருக்கு மேல். அப்புறம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால்தான் ஒரே நாளில் முடியும். பிற்பகலில் படி இறங்க விடுவதை நிறுத்திவிடுவார்கள், வளைவுகளையும் இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். முதல் நாள் இரவே நாமக்கல்லில் தங்கிக்கொண்டால் ஓட்டுகிறவருக்கு அலுப்புத் தெரியாது. புளியஞ்சோலைப் பக்கமிருந்து காட்டு வழியாக ஏறலாம் என்றும் சொல்கிறார்கள். நான் அந்த வழியில் போனதில்லை. வனத்துறையைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

எங்கே போனாலும் பொங்கல் விடுமுறையை விட்டுவிடுங்கள், காணும் பொங்கலன்று படியில் கால் வைக்க இடம் இருக்காது. அடுத்த வாரம், வேலை நாளாகப் பார்த்துப் போங்கள்.