கொம்பைலர் “ஓம்” என்றால் நம்பலாமா? சீமேக்கும் மெசனும்

குளத்து நீர்மட்டத்தைப் பதிவு செய்கிற எங்கள் சி பிளஸ் பிளஸ் நிரலைச் சீமேக்கிலிருந்து மெசனுக்கு மாற்றிவிட்டோம். இரண்டும், நிரலை எப்படிக் கொம்பைல் செய்வது என்று பார்த்துக்கொள்கிற பில்ட் கருவிகள். வேகத்துக்காக மாற்றவில்லை. எந்தக் கொம்பைலர் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது) எந்த ஃபிளாக்கை (அதற்குக் கொடுக்கிற ஒப்ஷனை) ஏற்கும் என்று பார்க்கிற ஒரு சின்ன வேலைக்காகத்தான் மாற்றினோம். கேட்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். காரணத்தைச் சொல்கிறேன்.

இந்த நிரல் கிளிநொச்சியில் என் லப்டொப்பில் உபுண்டுவின் ஜிசிசி கொம்பைலரால் கொம்பைல் ஆகிறது. வவுனியாவில் இருக்கிற கூட்டாளியின் மக்புக்கில் ஆப்பிளின் கிளாங் கொம்பைலர். குளக்கட்டில் துருசுக்கு (மதகுக்கு) பக்கத்துப் பெட்டிக்குள் ராஸ்பெரி பை என்கிற ஒரு சின்னக் கணினி. அதில் ஓஎஸ்ஸின் பழைய பஸ்டர் பதிப்பு, ஜிசிசி 8.3. அறிவியல் நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் யாராவது உதவிக்கு வந்தால் நாலாவதாக ஒன்று சேரும். அது என்னவென்று அவர்கள் தங்கள் லப்டொப்பைத் திறந்த பிறகுதான் தெரியும்.

ஒன்றையும் சோதிக்காமல், “ஜிசிசி என்றால் இந்த ஃபிளாக்குகள், கிளாங் என்றால் அந்த ஃபிளாக்குகள்” என்று கையால் பட்டியல் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். சின்ன வேலைக்கு அது போதும். ஆனால் பெயரை வைத்து ஆளை எடைபோட முடியாது. என் லப்டொப்பிலும் ஜிசிசி, ராஸ்பெரி பையிலும் ஜிசிசி. லப்டொப்பில் ஒழுங்காக வேலை செய்கிற எஃப்-சிஎஃப்-புரொடெக்ஷன் என்கிற ஃபிளாக், ராஸ்பெரி பையில் “இந்த இலக்குக்கு ஆதரவில்லை” என்று எரர் அடித்து நின்றுவிடும். அது எக்ஸ்86 சிப்புக்கான பாதுகாப்பு. ஆப்பிள் தன் கிளாங்குக்குத் தனியாகப் பதிப்பு எண் போடுகிறது. பதிப்பு எண்ணை ஒப்பிட்டு எழுதிய நிபந்தனையெல்லாம் அங்கே பிசகும். ஆக, கொம்பைலரிடமே கேட்பதுதான் சரி.

சீமேக்கும் மெசனும் கேட்கிற விதம் ஒன்றுதான். ஒரு குட்டி நிரலை அந்த ஃபிளாக்கோடு கொம்பைல் செய்து பார்ப்பார்கள். ஆனால் கொம்பைலர்கள் எப்போதும் உண்மை சொல்வதில்லை. முழு வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது.

கிளாங்கை எடுங்கள். டபிள்யூ-லொஜிகல்-ஒப் ஜிசிசிக்கு மட்டுமே உரிய எச்சரிக்கை. கிளாங்கிடம் கொடுத்தால், “தெரியாத ஒப்ஷன், டபிள்யூ-லோங்-லோங்கைச் சொல்கிறீர்களா?” என்று ஒரு வோர்னிங் தந்துவிட்டு வெற்றிகரமாகக் கொம்பைல் செய்து முடிக்கும். எரர் இல்லை. இந்தப் பொய்யை இரண்டு பேரும் பிடிக்கிறார்கள். சீமேக், கொம்பைலர் கக்கிய எழுத்துகளைப் படித்து அதில் தெரிந்த வாசகங்கள் இருக்கின்றனவா என்று தேடுகிறது. மெசன், தெரியாத எச்சரிக்கை ஒப்ஷனை எரராக மாற்றச் சொல்லிவிட்டே கேட்கிறது. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். வாசகம் மாறலாம், எரர் என்றால் எரர்தான்.

ஜிசிசியின் பொய் இன்னும் நுணுக்கமானது. டபிள்யூ-நோ என்று தொடங்குகிற, அதாவது ஓர் எச்சரிக்கையை அணைக்கிற ஃபிளாக் தெரியாததாக இருந்தால், ஜிசிசி வாயே திறக்காது. “ஓம் ஓம்” என்று தலையாட்டிவிட்டுப் போய்விடும். எங்கள் சென்சர் லைப்ரரியின் ஹெடர் கோப்பு ஒன்று டெப்ரிகேட்டட்-கொப்பி எச்சரிக்கையைக் கொட்டித் தள்ளும். அந்த எச்சரிக்கை ஜிசிசி 9இல் வந்தது. பையில் இருப்பதோ 8.3. டபிள்யூ-நோ-டெப்ரிகேட்டட்-கொப்பியைச் சீமேக்கிடம் சோதிக்கக் கொடுத்தால் பையிலும் “சக்சஸ்”. நாள்கணக்காக ஒரு சத்தமும் இருக்காது. பிறகு யாராவது பயன்படுத்தாத மாறி (வேரியபிள்) ஒன்றை விட்டுவைத்தால், அதற்கான வோர்னிங்கோடு சேர்த்து “இந்த ஒப்ஷனை அடையாளம் தெரியவில்லை” என்று ஜிசிசி அப்போதுதான் சொல்லும். மாறியை எழுதிய பிள்ளை, தான் தொடாத பில்ட் கோப்புக்குள் போய்ப் பிழை தேடும்.

மெசனுக்கு இந்தக் குணம் தெரியும். டபிள்யூ-நோ வடிவத்தைக் கொடுத்தால், “நோ” இல்லாத வடிவத்தையும் சேர்த்துச் சோதிக்கும். சீமேக்கிலும் செய்யலாம்: நீங்களே நோவை நீக்கிச் சோதித்து, பதில் ஆம் என்றால் நோவோடு சேர்க்க வேண்டும். செய்ய முடியுமா என்பது கேள்வி இல்லை. இதை எழுதியவர் வெளிநாடு போன பிறகு, பில்ட் கோப்பைக் கையில் எடுக்கிறவருக்கு அது ஏன் அப்படி இருக்கிறது என்று யார் சொல்வது? எங்கள் பக்கத்தில் ஆட்கள் நிலையாக இருப்பதில்லை. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

சீமேக்கில் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு மாறிப் பெயர் கொடுக்க வேண்டும். விடை அந்தப் பெயரில் கேஷில் (விடைகளைச் சேமித்து வைக்கிற இடத்தில்) தங்கிவிடும். பெயருக்கு ஏற்கெனவே விடை இருந்தால் சோதனையே நடக்காது. ஒரே பெயரை வைத்து லூப்பில் பத்து ஃபிளாக்கைச் சோதித்தால், முதல் ஃபிளாக்கின் விடைதான் பத்துக்கும். மெசனில் பட்டியலைக் கொடுத்தால் வடிகட்டிய பட்டியல் திரும்பி வருகிறது. பெயர் வைக்கிற வேலையே இல்லை. இந்த வசதி 0.43 பதிப்பிலிருந்து இருக்கிறது.

நினைவகப் பிழைகளைப் பிடிக்கிற அட்ரஸ் சானிட்டைசருக்குச் சீமேக் எதிர்ப்பக்கமாகப் பொய் சொல்லும். சோதனை நிரலை லிங்க் (துண்டுகளை இணைத்து முழு நிரலாக்குவது) வரைக்கும் கொண்டுபோகிறது, ஆனால் லிங்க் செய்யும்போது ஃபிளாக்கைக் கொடுப்பதில்லை. அதனால் இருக்கிற வசதியை “இல்லை” என்கிறது. லிங்க் ஒப்ஷனையும் தனியாகச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

இதற்காகச் சீமேக்கைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. பெரிய லைப்ரரிகளோடு ஒட்டி வேலை செய்ய அதுவே சுலபம், தெரிந்த ஆட்களும் அதற்குத்தான் அதிகம். வேலை தேடுகிற பிள்ளைகள் முதலில் சீமேக் படிப்பதுதான் நல்லது. ஓட்டோகொன்ஃப் என்கிற பழைய பில்ட் கருவியிலும் அதன் ஆர்க்கைவ் தொகுப்பில் உள்ள மேக்ரோக்களை வைத்து இதே சோதனையைச் செய்யலாம்; நான் அதைப் பிறர் எழுதிய நிரல்களை ஓட்டுவதற்கு மட்டுமே தொட்டிருக்கிறேன். விண்டோஸ் பக்கமும் அப்படித்தான், மைக்ரோசொஃப்ட் கொம்பைலர் விஷயத்தில் என் பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மெசனுக்கு மாறினாலும் ஒரு தொல்லை தீராது. விடைகளை அதுவும் கேஷில்தான் வைத்திருக்கிறது. பையில் ஓஎஸ்ஸைப் புதுப்பித்து ஜிசிசி மாறினால் ‘மெசன் கொன்ஃபிகர்’ கட்டளையை கிளியர்கேஷ் ஒப்ஷனோடு ஓட்டுங்கள். சீமேக் 3.24 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் ‘ஃபிரெஷ்’ ஒப்ஷன் இருக்கிறது. அதற்கு முந்தியது என்றால் பில்ட் ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.