சத்தியமா, உறுதிமொழியா? ஒரு நோட்டரி அலுவலகச் சேவை குறித்து

பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருந்த தகப்பனார் பெயரைச் சரிசெய்யப் பிரமாணப் பத்திரம் தேவைப்பட்டதால், திருநெல்வேலிப் பகுதியில் நீதிமன்றத்துக்கு அருகே இருக்கும் நோட்டரி வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். ‘ஆணையிடாதே’ என்ற இயேசுவின் போதனையை ஒட்டி, கடவுள் பெயரால் ஆணையிட மனம் ஒப்பாத ஒரு கிறிஸ்தவருக்கு அந்த அலுவலகம் எவ்வளவு தூரம் உதவும் என்ற கோணத்திலேயே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் நிறைகள். நோட்டரி அசல் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பத்திரத்தை முழுவதும் படிக்கச் சொல்லிவிட்டுத் தம் கண்ணெதிரே கையெழுத்திட வைத்தார். பதிவேட்டிலும் கையொப்பம் வாங்கினார். ஆளே வராமல் முத்திரை விழும் இடங்களும் உண்டு என்பதால் இதைச் சாதாரணமாக நினைக்க முடியவில்லை.

சிக்கல் குமாஸ்தாவின் மேசையில் தொடங்கியது. அவருடைய கணினியில் இருந்த தமிழ்ப் படிவம் ‘கடவுள் அறியச் சத்தியம் செய்து’ என்று ஆரம்பித்தது. அதற்குப் பதிலாக ‘உளமார உறுதி கூறி’ என்று மாற்றித் தரும்படி கேட்டபோது, “சார், நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே, சாமி பேரை ஏன் எடுக்கச் சொல்றீங்க?” என்று உண்மையான வியப்போடு கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அமைச்சர்கள் பதவியேற்கும்போது ‘உளமார’ என்றால் பகுத்தறிவுக் கட்சிக்காரர், ‘ஆண்டவன் மீது ஆணையாக’ என்றால் பக்தர் என்று பார்த்துப் பழகிய ஊர் இது. பக்தியின் காரணமாகவே ஒருவர் ஆணையிட மறுப்பார் என்பது இங்கே பலருக்கும் புதிய செய்தி. உள்ளே இருந்து வந்த நோட்டரி, விளக்கம் எதுவும் கேட்காமல் மாற்றச் சொன்னார்.

சட்டப்படி அவர் செய்தது முற்றிலும் சரி. 1969ஆம் ஆண்டின் பிரமாணங்கள் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சாட்சி ஒருவர், கடவுள் பெயரிலான பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்கிறது. அதன் அட்டவணையில் பிரமாணப் பத்திரத்துக்கென உள்ள வாசகத்திலும் இரண்டு வழிகளும் அருகருகே தரப்பட்டுள்ளன. உறுதி கூறியவர் பொய் சொன்னால் தண்டனை குறையும் என்பதும் இல்லை. இதில் சுவையான வரலாறு ஒன்று இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் கங்கை நீர், குர்ஆன் ஆகியவற்றின் மீது ஆணையிடுவதிலிருந்து விடுவித்து, உறுதிமொழி கூறச் செய்தது. 1873ஆம் ஆண்டின் சட்டத்திலும் அதே ஏற்பாடு தொடர்ந்தது. ஆணையிட ஆட்சேபம் உள்ள மற்றவர்களும் உறுதிமொழி கூறலாம் என்று அது சொன்னாலும், ஆட்சேபம் சொல்லாத கிறிஸ்தவர் ஆணையிட்டே ஆக வேண்டியிருந்தது. ஆணையிடாதே என்று தங்கள் வேதத்தில் வாசிக்கிறவர்களே நீதிமன்றத்தில் ஆணையிட்டுக்கொண்டிருந்தார்கள்! நம் உயர்நீதிமன்றத்தில் தாக்கலாகும் ஆங்கிலப் பிரமாணப் பத்திரங்கள் இன்றும் பெரும்பாலும் உறுதிமொழியாகவே தொடங்குவதற்கு அந்தப் பழைய வழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சத்தியம் செய்கிற கிறிஸ்தவரைக் கண்டிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆங்கிலிக்கன் திருச்சபையின் (இங்கிலாந்துத் திருச்சபையின்) 39ஆம் விதி, நீதிபதி கேட்கும்போது ஆணையிடுவதைத் தடை செய்யவில்லை. தென்னிந்தியத் திருச்சபைக்கு அந்த மரபிலும் வேர் உண்டு. தேவனே ஆபிரகாமுக்குத் தம்மைக்கொண்டு ஆணையிட்டார் என்று எபிரெயர் நிருபம் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. பிரதான ஆசாரியன் ஆணையிட்டுக் கேட்டபோது இயேசுவும் பதில் சொன்னார். ஆனாலும், ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்’ என்ற மலைப்பிரசங்க வாக்கை நேராக வாசித்தால், தேவனைச் சாட்சிக்கு அழைத்தால்தான் நம் பேச்சு நம்பத்தக்கது என்ற நிலைக்கே அதில் இடமில்லை என்று எனக்குப் படுகிறது. 1527இல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் கூடிய அனபாப்திஸ்தரும் (விசுவாசித்த பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் என்ற சீர்திருத்தக் குழுவினர்), ராஜவிசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து 1660களில் சிறையில் கிடந்தவரும் குவேக்கர் என்ற ஆங்கிலேயக் கிறிஸ்தவக் குழுவைத் தொடங்கியவருமான ஜார்ஜ் ஃபாக்ஸும் அப்படித்தான் வாசித்தார்கள். அவர்கள் பாடுபட்டுப் பெற்ற உரிமை நமக்கு ஒரு வரியை மாற்றித் தட்டச்சு செய்வதோடு கிடைத்துவிடுகிறது. அதை வாய்விட்டுக் கேட்கத்தான் பலர் கூச்சப்படுகிறார்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். எந்த வாசகம் வேண்டும் என்று அவர்களாகக் கேட்பதில்லை. படிவத்தில் இரண்டையும் அச்சிட்டு, வேண்டாததை அடிக்கச் சொன்னால் வேலை முடிந்துவிடும். கட்டண விவரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பது நோட்டரி விதி. இங்கே அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. காத்திருக்க நாற்காலிகளும் போதாது. ஐந்துக்கு மூன்றரை தருவேன்.

இங்கோ வேறு நோட்டரியிடமோ போகிறவர்கள், தட்டச்சு தொடங்கும் முன்பே தங்கள் விருப்பத்தைச் சொல்லிவிடுவது நல்லது. முதல் வரியை மட்டும் பார்க்காமல், நோட்டரி கையெழுத்திடும் இடத்துக்கு மேலே உள்ள சான்று வரியையும் பார்க்க வேண்டும். என் பத்திரத்தில் மேலே உறுதிமொழி என்று மாறியிருந்தும் கீழே ‘சத்தியம் செய்து கையொப்பமிட்டார்’ என்றே இருந்ததால், கடைசிப் பக்கத்தை மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை.