மரணத்தின் முன் மொழி: ஹைடெகரா, தெரிதாவா?

மரணத்துக்கும் மொழிக்கும் உள்ள உறவை நன்றாக விளக்குபவர் யார், ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகரா, பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவா? 1927இல் வெளியான ‘இருப்பும் காலமும்’ நூலில், மரணத்தைப் பற்றிய நம் பேச்சில் பெரும்பகுதி அதனிடமிருந்து ஓடி ஒளிவதற்கே என்கிறார் ஹைடெகர். ‘எல்லோரும் ஒருநாள் போகத்தான் வேண்டும்’ என்கிறோம். அந்த ‘எல்லோரும்’ என்பதில் பேசுகிறவர் தன்னைச் சேர்ப்பதில்லை. என் சாவை எனக்காக வேறொருவர் சாக முடியாது. அதை நோக்கி என்னைத் திருப்பும் மனசாட்சியின் அழைப்பும் மௌனமாகவே ஒலிக்கிறது. இழவு வீட்டு ஆறுதல்களைக் கேட்டு மனம் கூசியவர்கள் இந்தக் கூர்மையை உணர்வார்கள்.

தெரிதாவுக்கு மரணம் பேச்சுக்கு வெளியே காத்திருப்பதில்லை. 1967இல் தத்துவவாதி ஹுசெர்லைப் பற்றி எழுதிய நூலில், ‘நான்’ என்ற சொல் பொருள்பட, சொல்பவர் உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்று வாதிட்டார். உயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ‘நான்’, எழுதியவர் கண்மூடிய பிறகுதான் செயலுக்கு வருகிறது. தெரிதாவின் பார்வையில் எல்லா எழுத்துக்கும் இதே நிலைதான்.

இடையில் பிரெஞ்சு எழுத்தாளர் மொரிஸ் பிளான்ஷோவும் உண்டு. ஒன்றுக்குப் பெயரிடுவதே அதை இல்லாமலாக்குவது என்று தத்துவவாதி ஹெகலைத் தொட்டு எழுதினார். அழகான சிந்தனை, ஆனால் செத்தவர் யார், அழுபவர் யார் என்ற கேள்வி அதில் கரைந்துபோகிறது.

எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். பிரெஞ்சுத் தத்துவவாதி லெவினாஸ் 1995 டிசம்பர் 25 அன்று இறந்தார். இரண்டு நாள் கழித்து, பாரிஸ் அருகே பாந்தான் இடுகாட்டில் பேசிய தெரிதா, மரணம் என்பது பதில் வராமை என்ற லெவினாஸின் கருத்தையே எடுத்துக்கொண்டார். மரணத்தை இதைவிட நெருக்கமாக மொழியோடு பிணைத்த விளக்கத்தை நான் படித்ததில்லை. ஹைடெகரிடம் இதற்கு இடமில்லை. மற்றவரின் சாவு நமக்கு இழப்பாகத்தான் கிடைக்கிறது, சாவாக அல்ல என்று அவர் அதை ஒதுக்கிவிடுகிறார். மரணத்தை மரணமாக அறிய மனிதரால்தான் முடியும், விலங்குகளால் முடியாது, அவற்றால் பேசவும் முடியாது என்று 1950களின் இறுதியில் குறிப்பிட்டார். ஆனால் மரணத்துக்கும் மொழிக்கும் உள்ள அந்த உறவு இன்னும் சிந்திக்கப்படவில்லை என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொண்டார். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு 1982இல் இத்தாலியத் தத்துவவாதி அகம்பென் ஒரு நூலே எழுதினார்.

ஆகவே என் தேர்வு தெரிதா. ஆனாலும் ஒரு குறை உறுத்துகிறது. எல்லா எழுத்திலும் மரணம் இருக்கிறதென்றால், மரணப் படுக்கையில் எழுதிய கடிதத்துக்கும் மளிகைச் சீட்டுக்கும் என்ன வேறுபாடு? அதைச் சொல்ல, தன் சாவைத் தானே எதிர்கொள்ளும் ஹைடெகரின் தனிமனிதர் தேவைப்படுகிறார். தெரிதாவின் வாதத்தில் அவருக்குப் போதிய இடமில்லை.