ஹாலுக்கு 55 இன்ச் டிவி: நான்கு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2021 தீபாவளி சமயத்தில் வாங்கிய 55 இன்ச் 4கே எல்இடி டிவி, எங்கள் ஹாலில் இன்றும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய டிவி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை இன்ச், என்ன பிராண்டு என்பதைத்தான். என்னைக் கேட்டால், உங்கள் வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள் என்பதில் ஆரம்பியுங்கள்.

எங்கள் வீட்டில் டிவிக்கு நேர் எதிரே சோபாவில் உட்காருவது அப்பா மட்டும்தான். அம்மா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே சீரியல் பார்ப்பார். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு மேசைதான் இடம். கிரிக்கெட் என்றால் மனைவி சமையலறை வாசலில் நின்றபடியே ஒரு ஓவர் பார்த்துவிட்டுப் போவாள். ஆக, பாதிப் பேர் பார்ப்பது பக்கவாட்டில் இருந்துதான்.

எல்இடி டிவிகளில் பேனல், அதாவது படம் தெரியும் திரை, விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகையாக வருகிறது. விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும். இருட்டறையில் படம் பார்க்க அருமை. ஆனால் பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் வெளிறிவிடும். ஐபிஎஸ் இதற்கு நேர்மாறு: எங்கிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது, கறுப்பு மட்டும் கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். பெட்டியில் இதை எழுதியிருக்க மாட்டார்கள், கடையில் கேட்டாலும் பெரும்பாலும் பதில் கிடைக்காது. ஒரே மாடலில் 50 இன்ச்சுக்கு ஒரு பேனலும் 55 இன்ச்சுக்கு வேறொரு பேனலும் வருவதுண்டு. அதனால் நாமே பார்த்துவிடுவது நல்லது. கடையில் எல்லா டிவியும் கண்ணைப் பறிக்கிற விவிட் மோடில்தான் ஓடும். முதலில் அதை சினிமா மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் பென்டிரைவில் கொண்டுபோன ஒரு பாட்டைப் போட்டு, யாராவது முகம் பெரிதாக வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, நாலடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்தால் அது பெரும்பாலும் விஏ. நான் அப்படிப் பார்த்துத்தான் ஐபிஎஸ் எடுத்தேன். ராத்திரி விளக்கை அணைத்துப் படம் பார்க்கும்போது கறுப்பு மங்கலாகத்தான் இருக்கிறது. டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு சின்ன பல்பு போட்ட பிறகு அது அவ்வளவாக உறுத்துவதில்லை.

ஓஎல்இடி, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை, எடுத்தால் நல்ல கறுப்பும் கிடைக்கும், பக்கவாட்டுப் பிரச்சினையும் இருக்காது. ஆனால் அப்பா காலையில் எழுந்ததிலிருந்து செய்தி சேனல்தான். கீழே ஓடும் பட்டையும் மூலையில் இருக்கும் லோகோவும் நாள் முழுக்க அதே இடத்தில் நின்றால் ஓஎல்இடி திரையில் தடம் விழ வாய்ப்பு உண்டு. அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அளவைப் பொறுத்தவரை, சோபாவிலிருந்து சுவர் எட்டடி. 65 இன்ச்சும் பொருந்தியிருக்கும். 55 போதும் என்று முடிவு செய்யக் காரணம் எங்கள் கேபிள். சாதாரண எஸ்டி சேனலின் படம் 720×576 புள்ளிகள். 4கே திரையில் இருப்பது 3840×2160. அதாவது வருகிற ஒரு புள்ளியை டிவி இருபதாக ஆக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. திரை பெரிதாகப் பெரிதாக அதனால் வரும் மங்கல் அப்பட்டமாகத் தெரியும். டிவி வந்த அடுத்த மாதமே தினமும் பார்க்கும் நாலைந்து சேனல்களை, புள்ளிகள் அதிகமுள்ள எச்டிக்கு மாற்றினோம். இன்னும் விலை கூடின டிவி வாங்கியிருந்தால்கூட இந்த வித்தியாசம் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

படம் பார்க்கும்போது மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். இடையில் டிவி தானாகச் சில ஃபிரேம்களைச் சேர்த்தால் பெரிய படமும் சீரியல் மாதிரி ஆகிவிடும். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

சத்தம்தான் பெரிய குறை. மெல்லிய டிவியில் ஸ்பீக்கர் கீழே பார்த்து இருப்பதால், மின்விசிறி ஓடும் ஹாலில் வசனம் புரியவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு சாதாரண சவுண்ட்பாரை, டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி போர்ட்டில் மாட்டியதும் அது தீர்ந்தது; ஒரே ரிமோட்டில் சத்தமும் மாறுகிறது. ஸ்மார்ட் பக்கம் மூன்றாவது வருடத்தில் தளர்ந்துவிட்டது. 2 ஜிபி ரேம், செயலி திறக்கவே நேரம் பிடிக்கும். இதற்காக யாரும் டிவியை மாற்ற வேண்டாம். தனியாக ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கோடு கேபிள் ஒயரையும் கழற்றி வைக்கிறோம். மின்னலின் பாதிப்பு அந்த வழியாகவும் வரும்.

போன வருடம் தங்கை டிவி வாங்கக் கேட்டபோது, நான் வாங்கியதையே வாங்கு என்று சொல்லவில்லை. அவள் வீட்டில் இரண்டே பேர், எதிரே ஒரே சோபா, ஜன்னலுக்குக் கனமான திரை, பார்ப்பதெல்லாம் ஓடிடி படங்கள். 65 இன்ச் விஏ எடு, ஆனால் செப்டம்பர் 22 வரை பொறு என்றேன். 2025-இல் அன்றுதான் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மிச்சமான பணத்தில் அவள் சவுண்ட்பாரையும் சேர்த்து வாங்கிவிட்டாள்.