வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு: ஆறு வருடம் குடியிருந்து பார்த்ததில்

சிங்கப்பூரில் பிடிஓ வீடு, அதாவது பதிவு செய்தபின் கழகம் கட்டித் தரும் வீடு எடுக்க நினைப்பவர்களுக்கு. சாவிக்கு மூன்று நான்கு வருடம் காத்திருக்கத்தான் வேண்டும், நாங்கள் அதுவரை மாமியார் வீட்டு ஹாலில், சரி அதை விடுங்கள். முன்பணமும் மாதத் தவணையும் மத்திய சேம நிதியிலேயே (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் கட்டாயச் சேமிப்பு) கழிந்ததால் கையைக் கடிக்கவில்லை. 1961-இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் வீடிழந்த சுமார் 16,000 பேரை ஓராண்டுக்குள் குடியமர்த்திய கழகம், கட்டத் தெரியாதா என்ன! சொதப்பல் எங்களுடையது. ஒப்பந்தக்காரர் பேச்சைக் கேட்டு அடுப்படிச் சுவரை எடுத்தோம், இப்போது மீன் பொரித்தால் தலையணை வரை வாசம். அப்புறம், குத்தகை 99 ஆண்டுதான், பேரனுக்குச் சொத்து என்று கணக்குப் போடாதீர்கள். கீழ்த்தளத்தில் சாயங்காலம் சீனப் பாட்டியும் என் அம்மாவும் மொழியே இல்லாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள், அதற்கே ஐந்துக்கு நாலு.